பாக்கெட்டில் இருந்த பந்து

செவ்வாய். காலையில் மழை, பிறகு சுட்டெரிக்கும் வெயில்.

மண்சரிவு வேலை நேற்றோடு முடிந்தது. ஐந்து நாள். என் தேடுதல் நாய் டெனி நான்கு இடத்தில் குரைத்தான். நான்கிலும் உயிர் இல்லை.

குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன், முன்னங்காலில் கண்ணாடி வெட்டு. பழைய காயம், இரண்டு நாளாவது இருக்கும். நொண்டவே இல்லை. ஆறு வருஷமாக அவனைப் பிடித்து நடக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. வெட்கம்.

செய்ய: பூட்ஸ் கழுவ. பிரிக்ஃபீல்ட்ஸில் சுமதியின் மூக்குக்கண்ணாடி வாங்க. மெழுகுவத்தி.

புதன். புகைமூட்டம். தொண்டை கரகர.

டெனி சாப்பிடவில்லை. கோழி ஈரல் வைத்தேன். மோந்தான், என்னைப் பார்த்தான், படுத்துக்கொண்டான். பந்து காட்டினால் முகத்தைத் திருப்புகிறான்.

காரணம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். ஆளைக் கண்டுபிடித்துக் குரைத்தால் உடனே பந்து போட வேண்டும். அதுதான் அவன் கூலி. உயிர் இருக்கிறதா இல்லையா என்பது அவன் கணக்கில்லை. முதல் இடத்தில் பந்தை எடுத்துவிட்டேன். எதிரே ஓர் அம்மா, தன் மகனுக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் கண் முன்னால் நாயோடு விளையாட முடியுமா? திரும்பப் பாக்கெட்டில் போட்டேன். அடுத்த மூன்று இடத்திலும் அப்படியே.

மேலதிகாரி: "வெள்ளிக்கிழமை டெஸ்ட். குரைக்கலன்னா ரிட்டையர் பண்ணிடலாம் லா."

வியாழன். வெயில் இல்லை, புழுக்கம்.

பயிற்சித் திடலில் சிமெண்ட் பைப்புக்குள், என்னோடு வேலை பார்க்கும் குணா ஒளிந்தான். டெனி நேரே போனான், எட்டிப் பார்த்தான், திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்தான். கேன்டீன் அக்காவை ஒளித்தோம். அதே கதை.

குணா: "நம்ம எல்லாரையும் தெரியும் மச்சான் அவனுக்கு. நடிக்கிறோம்னும் தெரியும். வெளியாளு வேணும்."

வீட்டில் சுமதியிடம் சும்மா சொன்னேன். அவளுக்கு நாய் என்றாலே நடுக்கம். சின்ன வயதில் டெங்கில் ஊரில் நாய்க்கடி பட்டவள், கெண்டைக்காலில் தழும்பு இருக்கிறது. கல்யாணமானதிலிருந்து என் யூனிஃபார்முக்குத் தனி வாளி. டெனியைப் பார்த்ததே இல்லை.

"ஒண்ணுமே சாப்பிடலையா?"

"ரெண்டு நாளா."

அரிசி களைந்தாள். சாப்பிட்டு முடித்து, தட்டு கழுவும்போது: "அந்தப் பைப்புக்குள்ள பூரான் கீரான் இருக்குமா?"

வெள்ளி. தூறல்.

சுமதி மூன்றாவது பைப்புக்குள். டெனியை அவிழ்த்துவிட்டேன். முதல் பைப், இரண்டாவது. மூன்றாவதில் நின்றான். வால் ஆடியது. குரைத்தான். குரைத்துக்கொண்டே இருந்தான். நான் ஓடினேன்.

உள்ளே அவள் கண்ணை இறுக்கி மூடி, காதைப் பொத்தி, முழங்காலை மடக்கிக்கொண்டு. "கடிக்காதுல்ல?"

"கடிக்காது. இந்தா, நீயே போடு."

கண்ணைத் திறக்காமலே எறிந்தாள், பந்து கால்வாயில் போய் விழுந்தது. டெனி பாய்ந்து எடுத்து வந்தான். என்னிடம் இல்லை, அவளிடம். மடியில் வைத்தான். அவள் அழுதாள். நானும்தான். மேலதிகாரி டெஸ்ட் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

டெனி ஒரு தட்டு காலி, இன்னொன்று கேட்டான்.

அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் கொடுத்திருக்க வேண்டும். அவருடைய மகனைத்தானே அவன் தேடித் தந்தான்.

சாயங்காலம். என் யூனிஃபார்மும் அவள் சுடிதாரும் ஒரே வாளியில் ஊறுகின்றன.