விசிலைக் கொடுத்துவிடு

பாப்பாவுக்கு,

ஜெயிலிலிருந்து வந்து நான்கு மாதமாகிறது. சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் சாப்பாட்டு விசில் ஊதியதும், கைதிகளைத் தலை எண்ண வருகிறார்கள் என்று, பதினோரு வருட ஜெயில் பழக்கத்தில் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். இஸ்திரி போடும் பெண் மட்டும் பக்கத்தில் அதேபோல் உட்கார்ந்து, "சாப்பாடு ஆறிடும்ணே, இங்கயே சாப்பிடுவோம்" என்றாள். அவளால்தான் மறுநாளும் வேலைக்குப் போனேன்.

அந்தத் தைரியத்தில்தான் போன ஞாயிறு உன் தெருவுக்கு வந்தேன். வாசலில் உன் மகள் விசில் ஊதினாள். என்னையறியாமல் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். நீ ஓடிவந்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம், "யாரோ குடிகாரன், உள்ள வா" என்றாய்.

நான் குடிப்பதில்லை என்று உனக்குத் தெரியும்.

போகட்டும். நீ அவளிடமிருந்து பிடுங்கிய விசிலைக் குழந்தையிடம் கொடுத்துவிடு. அழுதது தெருமுனை வரை கேட்டது.

இனி அந்தப் பக்கம் வராத,
அப்பா