எட்டரை மணிச் சிவப்பு

பிப்ரவரி 5, திங்கள்

பனி. விளாங்குடியிலிருந்து சைக்கிள் மிதித்து ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் மீசை நனைந்து தொங்கிவிட்டது. முழங்கால் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கடிதம் கொடுத்திருக்கின்றன. ஏற்கவில்லை.

எட்டரைக்கு மறுபடியும் சிவப்பு. போன வாரத்திலிருந்து இதே கதை. வளைவுக்கு அப்பால், வயல்காட்டு ஓரம் போகும் தண்டவாளத்தில் வண்டி நிற்கிறது என்று ஸ்டேஷன் பேனலில் சிவப்பு எரிகிறது. அங்கே வண்டியும் இல்லை, வண்டியின் நிழலும் இல்லை. ஆனால் சிக்னல் பச்சை விழாது. திண்டுக்கல் பாசஞ்சர் வெளியே நிற்கும். நான் ஜல்லிக்கல்லில் தடுக்கி விழுந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் தானாகச் சரியாகிவிடும். சாயந்திரம் ஐந்தரை வாக்கில் இன்னொரு தரிசனம்.

நின்ற வண்டியின் ஜன்னலில் ஒருவர்: "பெரிய பாதை போட்டாச்சு, இனிப் பறக்கும்னாய்ங்க. மீட்டர்கேஜே தேவலப்பா."

இந்தத் திசையின் சிக்னல் சக்கரவர்த்தியாகிய நான் காதில் வாங்காமல் நடந்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஜெகந்நாதன் வீட்டோடு போனில் சௌராஷ்டிரத்தில் கொஞ்சுவார். எங்களைத் தமிழில் திட்டுவார். இன்றைய திட்டு: "யோவ், பேய் வண்டி எதுவும் ஓடுதான்னு பாரு. கன்ட்ரோல்ல என் பரம்பரையவே இழுக்குறான்."

ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டேன். சிக்னல் இன்ஸ்பெக்டர் போனில் சொன்ன பதில்: "காரணத்தக் கண்டுபிடி. லீவு எடுத்துக்க."

பிப்ரவரி 6, செவ்வாய்

மாற்றியவை: ரிலே ஒன்று. பேட்டரி மொத்தமும். தண்டவாள இணைப்புக் கம்பிகள், துருப்பிடித்தவை எல்லாம். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்தது. அதை மாற்ற ஸ்டோரில் சரக்கு இல்லை.

எட்டரைக்குச் சிவப்பு. மாற்றிய பிறகு ஐந்தரைக்கும் சிவப்பு.

ஞாயிறு ஏன் முக்கியம் என்றால்: எழுமலையில் தங்கச்சி செல்வி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். பயலுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் அடியேன். மூத்த பெண் குழந்தைக்குக் குத்தியபோது இங்கே பழைய பாதையைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தோம். போகவில்லை. யாரோ ஒன்றுவிட்ட முறைக்காரர் மடி கொடுத்தார். செல்வி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

எனக்குப் புதுச் சட்டை வாங்கியாயிற்று. பயலுக்குத் தங்கக் கடுக்கனும்.

பிப்ரவரி 7, புதன்

பனி குறைவு. தலைவலி அதிகம்.

செல்வி பூத்திலிருந்து ஸ்டேஷனுக்கே போன் போட்டாள்.

"வந்துருவீலண்ணே?"

"யானை மேல வாரேன். முன்னாடி நூறு கொட்டு."

"யானை வேணாம். நீ வா. இந்தத் தடவையும் வேற ஆள் மடின்னா, அந்த வீட்டுல எனக்கு மொகமே கெடையாது. மாமன் வராம குத்த விடமாட்டேன்னு சொல்லிப்புட்டேன்."

வைத்துவிட்டாள். எனக்கு அடுத்த வேடிக்கை வாய்வரை வந்து திரும்பிப் போனது.

சிவப்பு: இரண்டு வேளையும்.

பிப்ரவரி 8, வியாழன்

கண்டுபிடித்தேன். சந்தோஷமில்லை.

ஏழரைக்கே போய்ச் சிக்னல் பெட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். எட்டேகாலுக்கு வயல் வரப்பில் ஒரு வெள்ளம் புரண்டு வந்தது. வாத்து. கத்துகிற கத்தலில் வானத்தில் ஓட்டை விழுந்திருக்கும். பின்னால் மூங்கில் கழியோடு சோலை. அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறவன். டீக்கடையில் தெரிந்த முகம். பட்டிக்குக் குழி தோண்டும் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கினான். ஒரு தண்டவாளத்திலிருந்து மறு தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்தான். கழியைத் தட்டினான். வாத்துகள் ஏற ஆரம்பித்தன. கல்யாண வீட்டுக்குப் போகிற நடை.

பாய்ந்து கடப்பாரையை உருவினேன்.

"எவன்டா ஒனக்கு இந்த வித்தையச் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதாண்ணே."

"நானா?"

"டீக்கடையில அம்புட்டுப் பேருக்கும் சொன்னீகள்ல. ரெண்டு தண்டவாளத்துலயும் லேசாக் கரண்டு ஓடுது, வண்டிச் சக்கரம் ரெண்டையும் சேத்து வச்சா சிக்னல் செவப்பாயிரும்னு. சக்கரம் எதுக்கு, ஒரு கடப்பாரையக் குறுக்க வச்சாப் போதும், எம்மாம் பெரிய வண்டியும் நின்னு எனக்குக் கும்பிடு போட்டுத்தான் போவும்னு."

சொன்னேன்தான். வடையைக் கையில் வைத்துக்கொண்டு, அரியணையில் அமர்ந்த மாதிரி.

"அது சும்மா வாய்ச்சவடால்டா. சிக்னலத் தாண்டி வந்துட்ட வண்டிக்கு அது எப்புடி செவப்பாகும்? கடப்பாரை மேல ஏறிக் கவுந்துருக்குமேடா."

"ஏறாதுல்லண்ணே. நீங்க சொன்னீகள்ல."

ஜல்லியில் உட்கார்ந்துவிட்டேன். வண்டியில் வருகிற ஆயிரம் பேரையும் என் வாய்ப்பேச்சின் மேல் ஓட விட்டிருக்கிறான்.

சோலை நின்றபடியே சொன்னான்: "வந்த மொத நாளு நாப்பது வாத்து அடிபட்டுப் போச்சுண்ணே. மொதலாளி வாத்து. இந்தப் புது வண்டி சத்தம் கேக்குறப்பவே மேல வந்துருது. கீழ பாலமும் இல்ல. வேற என்ன பண்ண?"

இன்னும் எத்தனை நாள் என்றேன். ஞாயிறு சாயந்திரம் வரை. திங்கள் வேறு ஊர்.

வாத்தின் மேல் சத்தியம் வாங்கினேன்: இனி இரும்பு வைக்கக் கூடாது. சிக்னல் பெட்டியில் சொருகிப் பேசும் போன் என்னிடம் இருக்கிறது. ஸ்டேஷனில் கேட்டு, வண்டி இல்லை என்றால் நான் சொல்வேன். அப்போதுதான் ஏற்ற வேண்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"தண்டவாளத்துல குறுக்க இரும்பு கெடந்துச்சு சார். எடுத்துட்டேன். இனி வராது."

"யார் வச்சது?"

"தெரியல சார்."

"இது சின்ன விசயம் இல்லய்யா. ஆளச் சொல்லு, போலீஸ்ல ஒப்படைச்சிட்டு ஒன் லீவுக்கு நான் கையெழுத்துப் போடுறேன்."

சதி வேலை என்று எழுதுவார்கள். சோலையை உள்ளே வைப்பார்கள். வித்தை சொல்லிக் கொடுத்த வாய் எழுமலையில் பந்தியில் பாயசம் குடிக்கும். நினைத்தாலே புளித்தது.

"தெரியல சார்" என்றேன் மறுபடி.

"அப்ப மாட்டுற வரைக்கும் நீயே காவல் நில்லு. ஞாயித்துக்கெழமையும்."

கையில் டீ ஆறிப்போனது.

எழுமலை பூத்துக்குப் போன் போட்டு, செல்வியைக் கூட்டிவரச் சொன்னேன். வந்தது அவள் புருஷன், மாப்பிள்ளை தங்கராசு. ஞாயிறு லீவு இல்லை என்றேன். 'ஓகோ' என்று ஒரே ஒரு சொல். அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, சனி

வாத்துகளுக்குப் பச்சைக் கொடி காட்டிய முதல் ரயில்வே ஊழியன் இந்தப் பூமண்டலத்தில் நானாகத்தான் இருக்கும்.

ஜெகந்நாதன் போனில்: "இருபது நிமிசத்துக்கு ஒண்ணும் இல்ல. அங்க என்னய்யா சத்தம்?"

"பொதுமக்கள் சார்."

கொடியை அசைத்தேன். முன்னால் போன தடித்த பெட்டை நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் ஏறியது. சிரிப்பு வந்தது. நாளையை நினைத்ததும் நின்றது.

சிவப்பு இல்லை. இரண்டு வேளையும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

எழுமலையில் இருந்து எழுதுகிறேன்.

காலை வாத்து தாண்டியது. பத்தரை முகூர்த்தம். அந்த நேரத்தில் வேப்ப நிழலில் புதுச் சட்டையோடு உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் இன்ஸ்பெக்டர் போன்: "எவனும் வந்தானா?" வரவில்லை என்றேன். ஐந்தரைக்கு வாத்து திரும்பியது. சோலை கும்பிட்டான். கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். உசிலம்பட்டி வரை நின்றுகொண்டே.

வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பயல் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தூங்குகிறான். காது முழுசாக இருந்தது.

"உச்சிப்பொழுது வரைக்கும் ஆசாரி உக்காந்திருந்தாரு" என்றாள் செல்வி. "அவுக ஆளுக எம்புட்டோ பேசுனாக. எங்கண்ணன் வரட்டும்னு நின்னுட்டேன். இனி பங்குனியிலதான் நாள் பாக்கணும்."

கடுக்கன் டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் பயலைத் தூக்கி என் மடியில் போட்டாள். கனத்தான்.

தங்கராசு தூணோரம் நின்றார். "அப்புடி எதுக்காக மச்சான் வரல?"

"வாத்துக்காக மாப்ள. அறுநூறு வாத்து. கொடி காட்டித் தண்டவாளத்தத் தாண்ட விட்டுட்டு வாரேன்."

"ஒங்களுக்கு எல்லாமே வெளையாட்டு." துண்டை உதறிவிட்டு வெளியே போய்விட்டார்.

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுநூறாண்ணே?"

"அறுநூறுதான்த்தா."

"ஒண்ணும் அடிபடலையே?"

"ஒண்ணும் அடிபடல."

இலை போட்டாள்.