மாப்பிள்ளை ஒளித்த மிளகாய் டப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுகிறேன். உடம்பு தேறி வருகிறது, நீயும் வேலைக்குப் போன ஊரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் கடிதம். மூன்று மாதத்துக்கு முன்பு எழுதினேனே, மாப்பிள்ளை வேண்டுமென்றே சாப்பாட்டில் மிளகாயை அள்ளிப் போடுகிறார், நான் வீட்டைவிட்டுக் கிளம்பட்டும் என்றுதான் செய்கிறார் என்று, அத்தனையும் தப்பு. அப்போது ஒரு வாய் வைத்தாலே நாக்கு தீயாக எரிந்தது. ஒருநாள் நான் சமையலறைக்குள் போனபோது அவர் மிளகாய்த்தூள் டப்பாவை அவசரமாக மேல்தட்டில் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினார். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான், ஒளிக்கிறவன் முகம் எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடித்த பெருமையில் அன்றைக்கே உனக்கு எழுதி, அவருக்குத் தெரியாமல் நானே நடந்துபோய்த் தபாலில் போட்டேன்.

போன வாரம் கால் மரத்துப்போய் மாடிப்படியில் தடுமாறினேன். கீழே பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, கையைக்கூடக் கழுவாமல் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நாக்கை நீட்டச் சொன்னார்கள், அது வழவழவென்று சிவந்திருந்ததாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டார்கள். சர்க்கரைக்குப் பதினோரு வருடமாக ஒன்று, நெஞ்செரிச்சலுக்கு யாரையும் கேட்காமல் நானே கடையில் வாங்கித் தினமும் போட்டுக்கொள்வது ஒன்று. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பி12 வைட்டமின் ரொம்பக் கம்மியாயிடுச்சு, வயசானாலே அது சாப்பாட்டுலேருந்து உடம்புல சரியாச் சேராது, இந்த ரெண்டு மாத்திரையும் இன்னும் தடுத்திருக்கு, மத்தவங்களைவிட உங்களுக்குக் கூடவே வேணும், நாக்கு எரியறதும் கால் மரக்கறதும் அதனாலதான் என்றார்கள். ஊசி போடுகிறார்கள். இந்தக் குறைச்சலால சிலருக்கு எரிச்சலும் சந்தேகமும்கூட வரும் என்று சொல்லி, நான் தப்பித்துக்கொள்ள ஒரு வழியும் விட்டார்கள். அந்த வழியில் போக எனக்கு மனமில்லை அம்மா. என் சந்தேகம் உன் கல்யாணத்தன்றே வந்தது.

வெளியே வந்து மாப்பிள்ளையிடம் டப்பாவைப் பற்றிக் கேட்டேன். உங்களுக்கு எரியுதுன்னு மிளகாயையே நிறுத்திட்டேன் மாமா, உங்களுக்காக நானும் பத்தியம் இருக்கேன்னு தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு மேல ஒளிச்சேன் என்றார். காரமில்லாமல் ஒரு வாய் இறங்காத மனிதர் மூன்று மாதமாக என்னோடு சப்பென்று சாப்பிட்டிருக்கிறார். நீ போனில் கத்தியபோதும், இனிமே பார்த்துப் போடறேன் என்று மட்டும் சொன்னாராம். ஏன் மறுக்கவில்லை என்றேன், உங்க பொண்ணு உங்களைத் தப்பா நினைச்சிடக்கூடாதுல்ல என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீங்கள் இருவரும் மனம் ஒத்து நெடுங்காலம் வாழ வேண்டும். நீயாக எந்த மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. இந்த மூன்று மாதமும் பேசியதுபோல இரண்டு வார்த்தையோடு வைத்துவிடாமல், முதலில் அவரோடு பேசு, என்னோடு மெதுவாகப் பேசலாம். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப்போவதில்லை. உறையை ஒட்டாமல் மாப்பிள்ளை கையில் கொடுத்து, படித்துவிட்டு நீங்களே போட்டுவிடுங்கள் என்று சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உன் அப்பா