கலங்கல் ஆற்றில் ஒரு சியாக்காப்

அன்பு மகள் ஷர்மினிக்கு அப்பா எழுதுவது. தண்ணீர்மலையான் முருகன் தயவில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் ஹாலில் உட்கார்ந்திருக்கும் உன் அண்ணன் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன் யுகேந்திரனுக்கும் ராகினிக்கும் கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை தர்மினி தாயோடுதான் என்று தீர்ப்பாகி, ராகினி அவளைக் கூட்டிக்கொண்டு ஜொகூருக்கே போய்விட்டாள். அதிலிருந்து உன் அண்ணன் வேலைக்குப் போவதில்லை, விடிந்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் பெராய் ஆற்றுக்குப் போகிறான். தனியாக விட அம்மாவுக்குப் பயம், நானும் காரில் ஏறிக்கொள்கிறேன். மழைக்காலம், ஆறு பால் கலந்த தே தாரிக் நிறத்தில் ஓடுகிறது. இரை கோத்துப் போடலாமே என்றேன், கேட்கவில்லை, கேவாங் என்கிற அந்தப் பிளாஸ்டிக் மீனைத்தான் வீசி வீசி இழுக்கிறான். தூண்டில் கடை ஜபருல்லா பாய், "இந்தக் கலங்கல்ல மீனுக்குக் கண்ணு தெரியாது தம்பி, சத்தம் கேட்டாத்தான் வரும், உள்ள குண்டு உருளுற கேவாங்கா போட்டு மெதுவா இழுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். அப்படிச் செய்தும் நாள் கணக்கில் ஒன்றும் கடிக்கவில்லை. ஒரே ஒரு மீன் கிடைத்தால் பையன் முகம் மாறும் என்று நான் கரையில் நின்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஆற்றோரச் சேற்றில் நிற்கும் பாக்காவ் மர வேரோரம் நல்ல பெரிய சியாக்காப், ஊரில் கொடுவா என்பார்களே அந்த மீன், நான்தான் வலையில் ஏந்தினேன். அவித்த சியாக்காப் என்றால் தர்மினிக்கு உயிர், முள் எடுத்து ஊட்டுவது உன் அண்ணன்தான், உனக்குத் தெரியும். மீனையே பார்த்துக்கொண்டிருந்தவன், "இத வீட்டுக்குக் கொண்டுபோய் யாருக்குப்பா முள்ளு எடுக்கிறது" என்றான். மீனைத் தண்ணீரில் இறக்கிப் பிடித்திருந்தான், அது வாலை ஓர் அடி அடித்துவிட்டுக் கலங்கலுக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் குறடு வைத்துக் கேவாங்கின் கொக்கிகளை எல்லாம் கழற்றிக்கொண்டிருக்கிறான். கொக்கி இல்லாமல் எதைப் பிடிப்பாய் என்றேன். "ஒண்ணும் வேணாம்ப்பா, சும்மா வீசுறேன்லா" என்றான். இன்றைக்கும் அப்படித்தான் வீசிவிட்டு வந்தான், அம்மா போட்ட சோறு அப்படியே இருக்கிறது.

ராகினிக்கும் போன் செய்து பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினாள். "பிள்ளைகிட்ட நீங்க பேசுங்க மாமா, அவர் பேச வேணாம், அப்புறம் அது ராத்திரியெல்லாம் அழுவுது" என்றாள். அவள் இங்கே பட்ட பாடும் நமக்குத் தெரியும், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீ வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து லீவு போட்டுக் கிளம்பாதேம்மா, எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. குளிரில் ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. நீங்கள் இருவரும் பிரியாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் இதையேதான் சொல்லச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அண்ணனைக் கூப்பிடு. எடுக்கமாட்டான். ஆனால் உன் பெயரைப் பார்த்துக்கொண்டு, மணி தானாக நிற்கும்வரை போனைக் கையிலேயே வைத்திருக்கிறான்.

உன் அப்பா
முனுசாமி