மீட்டர் பார்த்தேன் என்று சொன்னேன்

என் மகன் சமையலறையில் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். குடிக்கிற தண்ணீர் ஒரு பக்கம் சொட்டுகிறது. மெல்லிய குழாய் வழியாகக் கழிவு உப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. நேற்று அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உடனே உன் நினைவு வந்தது. கூடவே என் மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூரில் நாம் வேலை பார்த்த தோல் ஷாப்பில், அந்தத் தோல் பதனிடும் ஆலையில், நீ பாய்லர்காரன். பாய்லருக்குப் போகும் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தைப் போக்க ஒரு சாஃப்ட்னர் இருந்தது. அதை உப்புக் கரைசல் விட்டுக் கழுவுவாய். கழுவிய தண்ணீர் கால்வாயில் இறங்கி, உன் வீட்டுக் கிணற்றை ஒட்டித்தான் போகும். கிணறு லேசாகக் கரிக்க ஆரம்பித்திருந்தது.

ஒரு நாள் என்னிடம் வந்தாய். "இன்னா பாய், நான் உப்பத் தூக்கி ஊத்துறேன், நீ அங்க புது உப்பு மூட்டையப் பிரிக்கிற. நம்ம ரெண்டு பேருல யாரு பைத்தியம்?" என்றாய்.

பிக்கிள் டிரம் என் பொறுப்பு. தோலை உப்பும் அமிலமும் கலந்த தண்ணீரில் சுற்ற விடுவோம். உப்பு கம்மியானால் அமிலம் தோலை வீங்க வைத்துக் கெடுத்துவிடும். நீ மானேஜரிடம் கெஞ்சி ஒரு தொட்டி கட்டினாய். கழுவிய தண்ணீரில் முதலில் வரும் உப்பு அதிகமான பகுதியை மட்டும் பிடித்து, சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கடினத்தைப் படிய விட்டு, தெளிந்ததை எனக்கு அனுப்பினாய். நாலு மாதம் அருமையாக ஓடியது. கால்வாயில் உப்பு இறங்கவில்லை. உன் மனைவி கிணற்றுத் தண்ணீரில் மறுபடியும் பருப்பு வேக வைத்தாள்.

உன் மச்சான் கல்யாணத்துக்காக ஒரு நாள் லீவு போட்டாய். போகும்போது, "நாக்க நம்பாத பாய். மீட்டர் போட்டுப் பாத்துட்டு வுடு" என்று சிரித்தாய். பிக்கிள்காரர்களுக்கு நாக்குதான் மீட்டர். தொட்டு வைத்துத் தலையாட்டினால் முடிந்தது. உப்பின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடி மீட்டரை எடுப்பது கத்துக்குட்டி வேலை என்ற திமிர் எங்களுக்கு.

அன்று உன் இடத்தில் நின்றவன் கடைசியாக அலசிய தண்ணீரையும் தொட்டியில் விட்டிருக்கிறான். சுண்ணாம்பும் போடவில்லை, சோடாவும் போடவில்லை. நான் தொட்டு நாக்கில் வைத்தேன். சுரீரென்று கரித்தது. உப்பு நீர்த்துப் போயிருந்தது; கரித்தது கிணற்றுத் தண்ணீரின் கடினம். எனக்குத் தெரியவில்லை. தலையாட்டினேன். அமிலம் போனது. மத்தியானம் டிரம்மைத் திறந்தால் தோல்கள் தவளை வயிறு போல வீங்கிக் கிடந்தன.

மானேஜர் வந்து, "மீட்டர் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன் சார்."

"அப்போ அவன் தண்ணிதான் பேஜார்" என்றார். அவருக்கும் அந்தப் பதில்தான் சௌகரியம். நீ திரும்பி வருவதற்குள் தொட்டியை இடித்துவிட்டார்கள். உப்பு மறுபடியும் கால்வாய்க்குப் போனது. அடுத்த கோடைக்குள் உன் கிணறு வாயில் வைக்க முடியாமல் போயிற்று. அதன் பிறகு உன் மனைவி ரயில்வே லைனைத் தாண்டிப் போய்க் குடம் சுமந்தாள்.

இடித்த தொட்டியைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாய். அடிக்க வருகிறாய் என்றே நினைத்தேன். "என்னால உனக்குக் கெட்ட பேரு. மன்னிச்சிக்கோ பாய்" என்றாய். "பரவால்ல, வுடு" என்றேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு! அயோக்கியன்.

போன மாதம் உன் அடக்கத்துக்கு வந்திருந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா உங்களப் பத்திச் சொல்லாத நாளே இல்ல அங்கிள். அவரால அவ்ளோ நஷ்டம் ஆகியும் நீங்க ஒரு வார்த்த கோவிச்சிக்கலயாமே" என்று அழுதாள்.

அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நீ கொடுத்துவிட்டுப் போன அந்த நல்ல பெயரோடுதான் இன்னும் இருக்கிறேன்.