கப்பல்காரர்களுக்கு நேர்ந்த சேவல்

பெரக்கரை நாடு,
கொல்லிமலை.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

என் மாமாவுக்கு,

பூங்குழலி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அத்தை, உங்கள் தங்கச்சி ஆர்த்தி மூவரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறாளே என்று சிரிக்க வேண்டாம். சிக்னல் பாறையில் நின்று பேசினால் நம் ஊட்டுக் கதையைக் கேட்க ஊரே கூடிவிடுகிறது. நீங்களோ இரண்டு வார்த்தைக்கு மேல் போனால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

முதலில் உங்கள் இங்கிலீஷைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவுக்குப் போர்வெல் வண்டியோடு கிளம்பும்போது, திரும்பி வந்து டூரிஸ்டுக்கு இரண்டு ரூம் கட்டலாம், வருகிறவர்களிடம் பேச நீ இங்கிலீஷ் கற்றுக்கொள் என்றீர்கள். புத்தகம் வேண்டாம், போனில் இங்கிலீஷில் சரித்திரக் கதையும் உலக நடப்பும் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும், குழந்தைக்குப் பேச்சு வருகிற மாதிரி தானாக வரும் என்றீர்கள். ஏனுங்க மாமா, ரூமுக்கு வருகிறவன் வெந்நீர் கேட்பான், கோழிக்குழம்பு கேட்பான், அருவிக்கு வழி கேட்பான். எந்த ராஜா எவன் நாட்டைப் பிடித்தான் என்று என்னிடம் கேட்கவா மலையேறி வருவான்? சாம்ராஜ்யம் சரிந்தது, படை பின்வாங்கியது, பேச்சுவார்த்தை முறிந்தது, இதெல்லாம் இப்போது எனக்கு இங்கிலீஷில் தெரியும். உப்பு போதுமா என்று கேட்கத் தெரியாது.

அதையாவது நிம்மதியாகக் கேட்க விட்டால்தானே! இது மிளகு பறிக்கும் காலம். இன்றைக்கு நம் தோட்டம், நாளைக்குப் பாப்பாத்தி அக்கா தோட்டம் என்று மாற்றி மாற்றிப் போகிறோம். ஆண்கள் மூங்கில் ஏணியில் ஏறிப் பறித்துப் போட, கீழே நாங்கள் பொறுக்குகிறோம். காதில் மாட்டிக்கொண்டு கேட்டால், நீ மட்டும் என்ன தனியாக் கேக்கற, எங்களுக்கும் போடு என்கிறார்கள். சத்தமாகப் போட்டால், அந்தாளு என்ன சொல்றான் கண்ணு, தமிழ்ல சொல்லு என்கிறார்கள். எனக்குப் பாதிதான் புரியும். மீதியை நானே இட்டுக்கட்டுவேன். போன வாரம் செத்துப்போன ராணி இந்த வாரம் எப்படிச் சண்டைக்குப் போனாள் என்று பாப்பாத்தி அக்கா மடக்கிவிட்டார். மானம் போயிற்று.

உங்கள் அம்மா கதை அதற்கும் மேலே. பனிக்கடலில் மாட்டிக்கொண்ட ஒரு கப்பலின் கதை பகுதி பகுதியாக வந்தது. கப்பல் பனியில் நசுங்கிப்போய், ஆட்கள் பனிமேலேயே கூடாரம் போட்டுக் கிடக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி என்று படித்துப் படித்துச் சொன்னேன். அத்தை காதில் ஏறவில்லை. அவங்க ஊட்டுப் பொம்பளைங்க என்ன பாடுபடுவாங்களோ சாமி என்று மூக்கைச் சிந்தியவர், எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பினால் சேவல் அறுப்பதாகப் பெரியசாமிக்கு நேர்ந்துவிட்டார். நம் சிவப்புச் சேவல் இப்போது கொட்டகையில் கட்டிக் கிடக்கிறது. அவர்கள் எல்லாம் எப்போதோ மண்ணுக்குள் போயாயிற்று அத்தை என்றால், வாயைக் கழுவுடி என்று பாய்கிறார். விடிந்ததும் என்னிடம் கேட்பது, கப்பல்காரங்க வந்துட்டாங்களா என்றுதான். உங்களைப் பற்றிக் கேட்பது அதற்கப்புறம்.

உங்களைப் பற்றி நான் என்ன சொல்வது மாமா? கொஞ்ச நாளாக நீங்கள் பேசி அனுப்புவதெல்லாம் ஒரே பாட்டு. மழை விடவில்லை, வண்டி ஓடவில்லை, ரூமில் சும்மா இருக்கிறோம். நானும் நம்பினேன். மழையே இல்லாத ஊர் என்றுதானே உங்களைப் போர்வெல் போட அழைத்துப் போனார்கள்? அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஆர்த்தி போனில் இறக்கிக் கொடுத்த உலக நடப்பில் உங்கள் ஊர்ப் பெயர் வந்தது. பார்சல் அனுப்ப என் கையால் எழுதிய பெயர், தப்பாகக் கேட்குமா? திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அங்கே இந்த வருஷம் ஒரு தூறல்கூட இல்லையாம். பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதாம், படை பின்வாங்கிவிட்டதாம், வடக்கு ரோட்டில் சுடுகிறார்களாம். வெளிநாட்டு ஆட்கள் தலைநகரத்துக்குப் போய்விட வேண்டுமாம், பஸ் விடுகிறார்களாம். இதில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டவில்லை. நீங்கள் கற்றுக்கொள்ளச் சொன்ன இங்கிலீஷ்தான்.

தோட்டத்தில் எல்லோரும் என்ன சொல்றான், என்ன சொல்றான் என்று கேட்டார்கள். அத்தையும் பக்கத்தில்தான் இருந்தார். மாமா இருக்கிற ஊரில் நல்ல மழையாம், ஆறு நிறைய ஓடுதாம் என்றேன். உங்கள் பொய்யை என் வாயால் சொல்ல வைத்துவிட்டீர்களே. அந்தக் கோபம் எனக்கு லேசில் ஆறாது.

நீங்கள் ஏன் இன்னும் பஸ் ஏறவில்லை என்றும் எனக்குத் தெரியும். முதலாளியின் வண்டியை நடுக்காட்டில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று அதன் நிழலிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். உங்களைத் தெரியாதா?

அந்தக் கப்பல் கதை முடிந்துவிட்டது மாமா. கடைசிப் பகுதியை நேற்று தனியாகக் கேட்டேன், முழுக்கப் புரிந்தது. ஒருத்தர் விடாமல் ஊர் திரும்பிவிட்டார்கள். கப்பலை விட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள். அதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. நீங்களும் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். ரூம் கட்டாவிட்டால் போகிறது, நமக்குக் கிழங்கும் மிளகும் இருக்கிறது.

அத்தையிடம் முடிவைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சேவலை அறுத்துவிடுவார். இன்னும் பனியிலதான் இருக்காங்க அத்தை என்று இன்றைக்குக் காலையிலும் சொல்லிவைத்தேன். சேவலை உங்கள் பேருக்கு மாற்றிவிட்டேன், பெரியசாமியிடமும் சொல்லிவிட்டேன். அது கயிற்றைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. அத்தையை நான் எத்தனை நாளைக்கு ஏமாற்ற முடியும்? பஸ் ஏறிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள் மாமா. மழை என்று மட்டும் அனுப்பாதீர்கள்.

பெரியசாமி உங்களுக்கு முன்னே நடந்து வரட்டும்.

உங்கள்
பூங்குழலி