அரை அங்குலம்

என்னங்க,

பத்து பெரெண்டாமில் இருக்கிற கார்ப் பட்டறைக்கு இன்று காலை போய் வந்தேன். புடவையில் இன்னும் தின்னர் வாடையும் சூடுபட்ட தகரத்தின் வாடையும் ஒட்டியிருக்கின்றன. துவைக்கப் போடச் சொல்லி மகள் கேட்டாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சோப்புப் போட்டுக் குளித்து வந்த பிறகும் உங்கள் கழுத்தோரம் மிச்சமிருக்குமே, அதே வாடைதான்.

பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் பட்டறைக்காரர் ஒருவர் நேற்று நம் காஜா பெராங் பக்கம் வீடு வீடாக விசாரித்து என்னைக் கண்டுபிடித்தார். கம்போங் செட்டிப் பெரியவருடைய கறுப்புக் கார் இப்போது அவர் பேரனிடம் இருக்கிறதாம். அதைப் பிரித்து வேலை பார்க்கிறார் இவர். "பாட்டி, பின்னால மட்கார்டு உள்பக்கத்துல ஒன்னு இருக்கு. நீங்களே வந்து பாத்துடுங்க லா" என்றார். என்னவென்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே முகவரியை எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காரை நீங்கள் மறந்திருக்க முடியாது. வாடகை வீட்டுக்குப் பின்னால் நான்கு கம்பம் நட்டுத் தகரம் போட்டு நாம் தொடங்கிய பட்டறைக்கு வந்த முதல் கார். வேலை பார்த்த இடத்தில் துருவின் மேல் பட்டியை அப்பிச் சாயம் அடிக்கச் சொன்னார்கள் என்று சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர் நீங்கள். "துருவ வெட்டி எடுக்கணும். மேல பட்டி அப்புனா வண்டிக்காரர ஏமாத்துறோம்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சொன்னதைச் செய்து காட்ட ஒரு கார் வேண்டுமே! பெரியவர் வந்தார்.

நல்ல மனிதர். அங்கே தலைமுறைகளாக இருக்கும் செட்டிமாரைப் போல, சாமி பெயரும் உறவுமுறையும் தவிர மற்றதெல்லாம் மலாயில்தான் பேசுவார். ஞாயிறு தவறாமல் மனைவியைக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப் போய், காரை மணலிலேயே நிறுத்திவிடுவார். உப்பு மண் மட்கார்டுக்குள் ஏறி உட்கார்ந்து, விரலால் அழுத்தினால் தகரம் அப்பளமாய் நொறுங்கியது. நீங்கள் அழுகினதையெல்லாம் வெட்டி எறிந்தீர்கள். சோற்றுத் தட்டு அளவுக்கு ஓட்டை. அதை அடைக்கத்தான் வழி தெரியவில்லை. வளைந்த இடத்தில் தட்டைத் தகரம் உட்காருமா? ஒரு பகல் முழுக்க அடித்தீர்கள். அது சுருங்கிச் சுருங்கி உங்களைக் கேலி செய்தது.

கூடத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த நான் சத்தம் தாங்காமல் எழுந்து வந்தேன்.

"தோள்பட்டை மாதிரி இருக்கற எடத்துல பலகைய வச்சா எப்படிங்க உக்காரும்?"

"அப்ப நீயே வச்சுக் காட்டு."

கோபத்தில் சொன்னீர்கள். நான் உடனே காட்டிவிட்டேன். துரு பிடிக்காத மறுபக்கத்து மட்கார்டின் மேல் பழுப்புத்தாளை விரித்து, மிஞ்சியதை மடிப்பாகப் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினேன். ரவிக்கைக்கு டார்ட் பிடிக்கிற அதே கணக்கு. தாளைத் திருப்பிப் போட்டால் இந்தப் பக்கத்துக்கு அளவு. இடக் கை, வலக் கை போல. அந்த அளவுக்குத் தகரத்தை வெட்டி மடிப்பைச் சேர்த்துப் பிடித்ததும், துண்டு சொன்னபடி வளைந்து உட்கார்ந்தது. காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "அட" என்றீர்கள். ஒரு வாரம் அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் பொழுது போனது.

பிறகுதான் கேட்டீர்கள், "ஓரம் பழைய தகரத்து மேல ஏறி உக்காருதே, பரவால்லையா?" என்று. தையலுக்கென்று சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்டியிருந்தேன். "விட்டு வெட்டாம யாராச்சும் வெட்டுவாங்களா?" என்று உங்கள் வாயை அடைத்தது நான்தான். நீங்களும் அப்படியே வைத்து கேஸ் நெருப்பால் ஒட்டிவிட்டீர்கள்.

ஒரு வருஷம் கழிந்தது. ஊரெங்கும் சுதந்திரப் பேச்சாக இருந்தது. சுதந்திர நாளன்று குடும்பத்தோடு பண்டார் ஹிலிர் திடலுக்குக் காரில் போக வேண்டும் என்று பெரியவருக்கு ஆசை. மூன்று வாரம் முன்னதாகவே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, மட்கார்டைக் காட்டினார். சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது, துண்டைச் சுற்றி ஒரே வரிசையாக. நீங்கள் திருப்புளியால் குத்திப் பிரித்தீர்கள். இரண்டு தகரத்துக்கும் நடுவே தண்ணீரும் கிளேபாங் மணலும். அகலம் சரியாக அரை அங்குலம். ஜன்னலிலிருந்து பார்த்த எனக்கு அளவுநாடா தேவைப்படவில்லை.

அவர் வெளியே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்போங் செட்டிப் பக்கத்திலிருந்து இன்னொரு கார் நம் வாசலுக்கு வராது. நீங்கள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சாயா பூன்யா சாலா" என்றீர்கள், தப்பு என்னுடையது என்று. பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் நான் உங்களுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"உன்னக் காப்பாத்தித்தானே விட்டேன்? அதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

"யாரு கேட்டா? என் தப்ப நீங்க எடுத்துக்கிட்டா, நாளைக்கு நல்லா வந்தா அதையும் நீங்களே எடுத்துக்குவீங்க. அப்ப நான் எங்க நிக்கறது?"

நீங்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. வந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை பெரியவர் காரோடு திரும்பி வந்தார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் வெளியே போனேன். வெட்டியது நான், விட்ட அரை அங்குலமும் என்னுடையது, அதனால்தான் தண்ணீர் தேங்கியது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள், நல்லவேளை, மறுக்கவில்லை. ஆமாம் என்று தலையசைத்தீர்கள். உங்களிடம் நீட்டியிருந்த சாவியை அவர் என் பக்கம் திருப்பினார். "அப்படியானால் நீயே மறுபடி வெட்டு" என்றார் மலாயில்.

ஒன்றும் விடாமல் வெட்டுவது தையல்காரிக்கு எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? தப்பினால் பிரித்துத் தைக்கத் துணி இருக்காது. ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவது தாளைக் கோட்டின் மேலேயே வெட்டினேன். தகரம் ஓட்டைக்குள் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து நின்றது. ஒட்டுவதற்குக் கேஸைப் பற்றவைக்கப் போன நீங்கள் திடீரென்று, "தேத்தண்ணி போட்டுக் கொண்டா" என்றீர்கள். வேலைக்கு நடுவில் தேத்தண்ணி கேட்கிற ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டே போனேன். கொண்டுவந்தபோது துண்டைப் பொருத்தி, ஓட்டுத்தையல் மாதிரி அங்கங்கே புள்ளி வைத்துக்கொண்டிருந்தீர்கள். கிளாஸைத் தொடவேயில்லை. "கேட்டு வாங்கி ஆற வைக்கவா?" என்று திட்டினேன். சிரித்தீர்கள். மறுநாள் உள்பக்கம் முழுக்க நீங்களே தார் பூசினீர்கள்.

பெரியவர் திடலுக்கு அந்தக் காரில்தான் போனார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு காருக்கும் தாள் வெட்டியது நான்தான். வருகிறவர்களிடம் நீங்களே என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினீர்கள். இந்த வயதிலும், குழம்பில் உப்பு கூடினால்கூட, யாரும் கேட்கும் முன்னால் என் கை தப்பு என்று சொல்லிவிடுகிறேன். ருசி கூடினாலும் அதே குரலில்தான் சொல்கிறேன். மருமகனுக்குச் சிரிப்பு.

இன்று பட்டறையில் அந்த மட்கார்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். "சுத்தி எல்லாம் அரிச்சுப் போச்சு பாட்டி. இந்தத் துண்டு மட்டும் கல்லு மாதிரி இருக்கு. இதத் தொட மாட்டேன்" என்றார் பட்டறைக்காரர். எனக்கு அப்போதே தலை நிமிர்ந்துவிட்டது. பிறகு தாரைச் சுரண்டின இடத்தில் விளக்கைப் பிடித்தார். ஆணியால் கீறிய எழுத்து. உங்கள் கோணல் எழுத்து.

'வெட்டினது ராஜம். ஒட்டினது நான்.'

"யாரு பாட்டி இந்த 'நான்'?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன், அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டே.

அன்று என்னைத் தேத்தண்ணி போட உள்ளே அனுப்பியது எதற்கென்று இப்போது தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு கிளாஸ் தேத்தண்ணி போட்டேன். உங்களுடையது மேசையில் உங்கள் படத்துக்கு முன்னால் ஆறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை திட்டமாட்டேன்.

ராஜம்